மேசைக்கு வெளியே ஒரு சத்தியம்

வாசு நல்லவன். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, வாசுவுக்கும் இருந்ததில்லை. கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். கை ஒடிந்து கத்துகிற பிள்ளையைக்கூடப் பேசிப் பேசியே அசையாமல் படுக்க வைத்துவிடுவான். அப்படிப்பட்டவனிடம் ஒருநாள், 'நீ கெட்டவனாக இரு, யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளைபோல இருந்தது அவனுக்கு.

சொன்னவர் கிருபானந்தன். வக்கீல். யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். இவர் பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆனாலும் பேச்சில் 'நீர்', 'ஓம்' போகவில்லை. ஞாயிறு மதியம் அதே பிரிக்ஃபீல்ட்ஸில் தோழி சுரேகா நடத்தும் டியூஷன் சென்டரில் பிள்ளைகள் போன பிறகு, அந்தக் குட்டை நாற்காலிகளில் நாலு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கதை ஆடுவார்கள். கிருபானந்தன் கதையை நடத்துவார். வாசு, சுரேகா, சுகுமாறன் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். கோட்டை, காடு, பேய், பூதம் எல்லாம் உண்டு. சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். நாற்பது வயதில் இதென்ன விளையாட்டு என்று வீட்டில் கேட்டால் பதில் கிடையாது. அதனால் வீட்டில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குணக்கட்டம் இருக்கும். நல்லவன், கெட்டவன், இரண்டுக்கும் நடுவே நிற்பவன். அதிலும் முறைப்படி நடப்பவன், மனம்போல நடப்பவன், நடுவாக நடப்பவன் என்று பிரிவு. மொத்தம் ஒன்பது கட்டம். மனுசப் பிறவி எல்லாம் இந்த ஒன்பதுக்குள் அடக்கம் என்று கிருபானந்தன் கோர்ட்டில் வாதாடுவதுபோல வாதாடுவார். எந்தக் கட்டம் என்பதைக் கதை நடத்துபவரிடம் மட்டும் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் மறைத்து வைக்கலாம். வாசுவைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னது இதுதான்: "நீர் எப்பவும் நல்லவராத்தான் வாறீர். அலுப்பா இருக்கு. இந்தமுறை கெட்டவனா வாரும். முறைப்படி நடக்கிற கெட்டவன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அப்படித்தான் வைத்தியன் சேந்தன் பிறந்தான். எல்லோருடைய காயத்துக்கும் மருந்து போடுவான், எல்லோருடைய நம்பிக்கையையும் வாங்குவான், கடைசியில் ஊரையே எதிரிக்குக் காட்டிக் கொடுப்பான்.

அதற்கு அவனுக்கு ஒரு சாவி வேண்டும். கோட்டையின் பெரிய கதவுச் சாவி. அது காவலன் ஆதனிடம் இருந்தது. ஆதனாக ஆடியவன் சுகுமாறன். அந்தச் சாவிக்கு ஒரு விசேஷம்: பிடுங்கினாலோ திருடினாலோ சாம்பலாகிவிடும். காவலன் தானாக, மனமுவந்து எடுத்துக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பகடைக்கு அங்கே வேலையே இல்லை. சுகுமாறன் நம்பினால்தான் உண்டு.

சுகுமாறனோ லேசில் அசைகிற ஆள் இல்லை. மற்ற இருவரும் காடு மலை என்று அலைவார்கள். இவன் முறை வந்தால், "நான் வாசல்லயே நிக்கிறேன் லா" என்பான். அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. சுரேகா தலையில் அடித்துக்கொள்வாள்.

சுகுமாறன் ஏன் வாசலை விட்டு நகரவில்லை என்பது வாசுவுக்கு மட்டும் தெரியும். இருவரும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. சுகுமாறன் கிள்ளானை அடுத்த காப்பாரில் குடியிருக்கிறான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்கு ரிஷி என்று ஒரு தம்பி இருந்தான். மோட்டார் சைக்கிள் பைத்தியம். ரோட்டில் ரேஸ் ஓட்டிப் போலீசில் மாட்டியபோது, அண்ணன் எல்லோர் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்து, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத, வெளிய போ" என்று வாசலைக் காட்டிவிட்டான். ரிஷியும் போய்விட்டான். பிறகு பேச்சே இல்லை. ஒருநாள் காலை லோரியில் மோதி அடிபட்ட அவனை வாசு வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். படம் எடுக்கப் போன வாசு அவனைப் பார்த்துப் பதறிப்போனான். சுகுமாறன் வேலையிடத்திலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முடிவதற்கு முன்னால் ரிஷி வாசுவின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்: "அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொல்லுங்கண்ணே."

அதை வாசு அப்படியே சொன்னான். வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்ற சுகுமாறன், "சத்தியமா?" என்று கேட்டுக் கையை நீட்டினான். வாசு அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். சுகுமாறன் அதன் பிறகுதான் அழுதான். அதன் பிறகுதான் தம்பி படத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டினான், மாலை போட்டான், நினைவு நாளில் அவனுக்குப் பிடித்த நண்டுப் பிரட்டலைப் படைத்தான். சுருக்கமாகச் சொன்னால், வாசுவின் ஒரு வார்த்தையை வைத்துத்தான் அந்த மனுசன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தான். வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறானே என்று இந்த ஆட்டத்துக்கு அவனைக் கூட்டி வந்ததும் வாசுதான். தம்பிக்கு வாசலைக் காட்டியவன், ஆட்டத்தில் வாசலையே காத்து நின்றான்.

இத்தனையும் தெரிந்தவன்தான் அந்த வேலையைச் செய்தான். அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து இருவரும் வாசுவின் காரில்தான் கிள்ளானுக்குத் திரும்புவார்கள். அன்று ஃபெடரல் ஹைவேயில் ஒரு பஸ் நடுவே பழுதாகி நின்றதில் சரியான ஜேம். கார் நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தது.

"டேய், ஒன்னு கேக்கவா?" என்றான் சுகுமாறன்.

"கேளு."

"உன் வைத்தியன் நல்லவன்தானே?"

மேசைக்கு வெளியே ஆட்டப் பேச்சு கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. யாராவது கேட்டால் 'ஞாயித்துக்கிழமை கேளு' என்று சொல்லிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வாசுவும் முதலில் அதைத்தான் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை கேளு லா."

"அங்க கேட்டா வைத்தியன்ல பதில் சொல்லுவான். நான் உன்னைக் கேக்குறேன். எனக்கு உங்கள மாதிரி சூது வாது எல்லாம் யோசிக்க வரல வாசு. நீ நல்லவன்னு ஒரு வார்த்தை சொன்னா சாவியக் குடுத்துட்டு நிம்மதியா இருப்பேன்."

இங்கே வாசு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மறுபடியும் 'ஞாயித்துக்கிழமை' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பல மாதமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த சூழ்ச்சி, கனிந்து கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கியது. கிருபானந்தன் அசந்து போவார். சுரேகா கத்துவாள். அந்த ஆசை அவன் கண்ணை மறைத்தது.

"நல்லவன்தான்டா."

"சத்தியமா?"

சுகுமாறன் கையை நீட்டினான். வாசுவின் இடது கை சும்மா கியர் பக்கத்தில் கிடந்தது. ஆனால் இடது கையால் சத்தியம் செய்யக் கூடாது. கார் நின்ற சமயம் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, உடம்பைத் திருப்பி, நண்பனின் உள்ளங்கையில் அடித்தான். பொய்க்கு அத்தனை ஆசாரம் பார்த்தான் மனுசன்.

"சத்தியமா."

சுகுமாறன் நிம்மதியாக சீட்டில் சாய்ந்து ரேடியோவைத் திருப்பினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நினைத்தபடியே நடந்தது. சுகுமாறன் சென்டர் அலமாரிச் சாவியைக் கோட்டைச் சாவியாக மேசைமேல் தள்ளி வைத்தான். "இந்தாங்க வைத்தியரே."

"மனமுவந்தா?" என்றார் கிருபானந்தன்.

"மனமுவந்துதான் லா."

அப்போதுதான் வாசு வேசத்தைக் கலைத்தான். கதவு திறந்தது, எதிரிப்படை புகுந்தது, ஊர் எரிந்தது. நன்றி சொல்லக் குனிந்த வைத்தியன் சேந்தன், தான் காயத்துக்குக் கட்டுப்போட்ட அதே முதுகில் கத்தியை இறக்கினான். காவலன் ஆதன் வாசலிலேயே விழுந்து செத்தான். வாசு அதை எவ்வளவு ரசித்துச் சொன்னான் என்றால், பேசிக்கொண்டிருப்பது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

சுரேகா கத்தினாள். கிருபானந்தன் எழுந்து நின்று கை தட்டினார். "எப்படி ஐயா இந்த மனுசனை நம்ப வைச்சீர்?"

"கார்ல சத்தியம் பண்ணிட்டேன்ல!" என்றான் வாசு, பரிசு வாங்கியவன்போல.

சுரேகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "கார்லயா? மேசைக்கு வெளியவா?"

 சுகுமாறன்தான் சிரித்துச் சமாளித்தான். "பரவால்ல லா. கேம்தானே. நல்லா ஏமாத்திட்டான் பாவி."

ஆட்டத்தில் பாத்திரம் ஒன்று செத்தால் அன்றைக்குக் 'கருமாதி' என்று வாழை இலைக் கடைக்குப் போவது அவர்கள் வழக்கம். செத்த பாத்திரத்துக்கும் ஓர் இலை போட்டு வடை வைப்பார்கள். அதற்குப் பிடித்தது பிடிக்காதது என்று கேலி பேசிச் சாப்பிடுவார்கள். அன்று ஆதனுக்கு இலை போட்டார்கள். சுகுமாறன் கேலிக்கெல்லாம் சிரித்தான், ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியே வந்ததும் மட்டும், "நான் கொமுட்டர்ல போறேன்டா. ஸ்டேசன் பக்கம்தானே, நடந்துடுவேன்" என்றான்.

"ஏன், கார்ல வா."

"வேணாம் லா, ஜேம்ல மாட்டணும்."

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஜேம் இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

தனியாகக் காரோட்டிக்கொண்டு போகும்போது, பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்தபோதுதான் வாசுவுக்கு உறைத்தது. வராந்தாவில் அடித்ததும் இந்தக் கைதான், காரில் அடித்ததும் இந்தக் கைதான். சொன்னதும் அதே வார்த்தைதான்.  அப்படியெல்லாம் நினைக்க மாட்டான், விளையாட்டுக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாதவனா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். தேறவில்லை.

மறுவாரம் சுகுமாறன் வரவில்லை. 'ஷிஃப்ட்' என்று ஒரு வரி மட்டும் போனில் அனுப்பினான். வேலையில் வாசுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வலது கைக்குப் பதில் இடது கையைப் படம் எடுத்துவிட்டு மறுபடி எடுத்தான். பொறுக்க முடியாமல் கிருபானந்தனுக்குப் போன் போட்டான்.

"நீர் ஏன் மண்டையைக் குழப்புறீர்?" என்றார் அவர். "உம்மட கட்டம் கெட்டவன். கெட்டவன் பொய் சொல்லுவான். நீர் கட்டத்துக்குள்ளதான் ஆடினீர்."

"கார்ல வைத்தியன் இல்லையே கிருபா. நான்தானே இருந்தேன்."

 வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம், அது மேசைக்கு வெளியதான்" என்றார். கெட்டவனாக வரச்சொன்ன அந்த மனுசன்மேல் வாசுவுக்கு ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. கையில் அடிக்கச் சொன்னது அவர் இல்லையே.

சனிக்கிழமை காலை வாசு காப்பாருக்குப் போனான். சுகுமாறன் வீட்டு முன்னால் கேட்டுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். வாசுவைப் பார்த்து, "வாடா வாடா" என்றான். குரலில் ஒரு குறையும் இல்லை. அவன் மனைவி சீதாலெட்சுமி எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே, ஆளையே காணோம்" என்றாள். எல்லாம் எப்போதும்போல இருந்தது. கூடத்தில் ரிஷி படமும் மாலையோடு இருந்தது. வாசுவுக்கு உயிர் வந்தது.

"மன்னிச்சுருடா" என்றான்.

"எதுக்கு? கேம்தானே."

"கார்ல சத்தியம் பண்ணது கேம் இல்ல."

சுகுமாறன் பிரஷை டின்னின் மேல் வைத்துவிட்டுக் கைகளைத் துணியில் துடைத்தான். "ஆமா. அது கேம் இல்லதான்" என்றான்.  பிறகு, "அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையில அடிச்சியே. அதுவும் இப்படித்தானே?" என்று கேட்டான்.

"இல்லடா! ஐயோ, அது உண்மை. ரிஷி என் சட்டையப் பிடிச்சு இழுத்து..."

"இரு லா, பதறாத. நான் கோவமா கேக்கல. மொதல்ல கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். ட்ரெயின்ல போகும்போது உன்னைக் கொன்னு போடலாம்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அன்னிக்கு நான் நின்ன நிலைமைக்கு நீ வேற என்னதான் சொல்லுவ? உன் தம்பி உன்னைத் திட்டிக்கிட்டே செத்தான்னு சொல்லுவியா? உன் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

  ரிஷி சொன்னது அப்படிப்பட்ட வார்த்தை. இரக்கப்பட்டுப் பொய் சொல்கிற எவனும் சரியாக அதைத்தான் கற்பித்துச் சொல்வான்.

"ரிஷிய எனக்குத் தெரியாதா?" என்றான் சுகுமாறன். "வீம்புக்காரன். அறைஞ்சவன மன்னிக்கிற ஆளு இல்ல அவன். எனக்கு உள்ளுக்குள்ள எப்பவும் தெரியும்டா. நீ சத்தியம் பண்ணியேன்னுதான் பிடிச்சு வச்சுக்கிட்டேன். அதுல இத்தன நாளு நிம்மதியா தூங்கினேன்ல, அதுவே பெருசு. தேங்க்ஸ்டா."

"தேங்க்ஸ் சொல்லாத! அவன் சொன்னான்டா. என் காதால கேட்டேன்."

சாட்சிக்கு ஆள் தேடி வாசுவின் மனம் அந்த அறைக்குள் ஓடியது. டாக்டர் ஒரு சீனர். நர்ஸ்கள் இருவரும் மலாய்க்காரர்கள். ரிஷி தமிழில் சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொண்டவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அந்த ஒருவனைத்தான் இப்போது யாரும் நம்ப முடியாது.

"கிருபா சொல்ற கட்டத்துல உன்ன எங்க போடலாம்னுகூட யோசிச்சேன்" என்று சுகுமாறன் சிரித்தான். "நல்லவன் கட்டம்தான் லா. சந்தேகமே இல்ல."

வாசுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெட்டவன் என்று திட்டியிருந்தால், கேட்டை இழுத்துச் சாத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது. "கையக் குடுடா" என்றான். "குடு."

சுகுமாறன் மறுக்காமல் கையை நீட்டினான். விரல்களில் பச்சை பெயின்ட். வாசு வலது கையால் ஓங்கி அடித்தான். "சத்தியமா சொன்னான்டா. எங்கம்மா சத்தியமா, என் புள்ள சத்தியமா. அண்ணன் மேல எனக்குக் கோவமே இல்லன்னு சொல்லுங்கண்ணேன்னு சொன்னான்."

"சரிடா" என்றான் சுகுமாறன்.

"நம்புறியா?"

"நம்புறேன்டா, நம்புறேன். அழாத. யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க."

அந்தக் குரல் வாசுவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். கை ஒடிந்து கத்துகிற பிள்ளையிடம், வலிக்கவே வலிக்காது என்று அவன் தினமும் சொல்கிற குரல்.

சுகுமாறன் அவன் தோளில் கையைப் போட்டு உள்ளே கூட்டிப்போனான். "பசியாறிட்டுப் போ. சீதா தோசை ஊத்துறா." ரிஷி படத்தைத் தாண்டிப் போகும்போது அண்ணன் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கடந்தான். அறைந்த நாளுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிச் சத்தியத்துக்கு முன்னால், தம்பி பேச்சு வரும்போதெல்லாம் அவன் தலை அப்படித்தான் குனியும்.

சீதாலெட்சுமி தோசை வைத்தாள், சட்னி ஊற்றினாள், இன்னொன்று வைக்கவா அண்ணே என்று கேட்டாள். ரிஷியைக் கோபத்தோடு செத்தவனாக்கிவிட்டு, வாசு அவன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.